நிலவின் காந்தக் குடை எதற்குத் தாங்கும்?

பூமிக்கு இருப்பதுபோல முழு உருண்டையையும் மூடும் காந்தப்புலம் நிலவுக்கு இல்லை. ஆனால் அங்கங்கே திட்டுத்திட்டாகக் காந்தம் ஏறிய பாறைகள் உண்டு. அப்படிப்பட்ட இடமாகப் பார்த்து முகாம் போட்டால் சூரியக் கதிர்வீச்சிலிருந்து விண்வெளி வீரர்கள் தப்பலாமே?

அங்கே ஒரு குடை இருப்பது உண்மைதான். இஸ்ரோவின் சந்திரயான்-1 அதை 2009இல் அளந்தே காட்டியது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டம்தான் சூரியக் காற்று. அதன் புரோட்டான்கள் நிலவு மண்ணில் மோதும்போது, ஐந்தில் ஒரு பங்கு வரை எலக்ட்ரானைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் அணுக்களாகத் திரும்பி எழும்பும். கலத்திலிருந்த சாரா கருவி அந்த அணுக்களை எண்ணியது. நிலவின் மறுபக்கத்தில், காந்தத் திட்டு ஒன்றின் மேல் சுமார் 360 கி.மீ. அகலத்துக்கு எண்ணிக்கை சரிந்தது. அதைச் சுற்றிலும் கூடியது. உள்ளே விழவேண்டிய புரோட்டான்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன!

இத்தனைக்கும் நிலவின் திட்டுகளில் உள்ள காந்தம் நோஞ்சான். அப்போலோ 16 வீரர்கள் தாங்கள் இறங்கிய பகுதியில் தரையில் அளந்ததில் அதிகபட்சம் 327 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). பூமியின் புலத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மின்சாரமும் கைகொடுப்பதால்தான் தடுக்க முடிகிறது. எடை குறைந்த எலக்ட்ரான்கள் சட்டென வளைந்து நின்றுவிட, கனமான புரோட்டான்கள் முன்னே ஓடும். இரண்டும் பிரிந்ததும் நடுவே மின்புலம் உருவாகி, புரோட்டான்களைப் பின்னுக்கு இழுக்கும்.

சரி, ஆளைக் காப்பாற்றுமா? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் சூரியக் காற்றுப் புரோட்டான், 300 நானோடெஸ்லா புலத்தில் சுமார் 14 கி.மீ. ஆரத்தில் வளையும். சூரியப் புயலில் வரும், 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட அதிவேகப் புரோட்டானுக்கோ ஏறக்குறைய 5,000 கி.மீ. ஆரம் வேண்டும். நிலவின் விட்டமே 3,474 கி.மீ.தான்; அதைத் திருப்பும் அளவுக்குப் பெரிய திட்டு எங்கே இருக்கும்? ஆபத்தானவை இந்த இரண்டாவது வகைதான். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் இடையே அடித்த புயல் இப்படிப்பட்டது. நல்லவேளை, அப்போது நிலவில் யாரும் இல்லை.

பௌர்ணமியை ஒட்டி ஐந்தாறு நாள் நிலவு பூமியின் காந்த வாலுக்குள், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும் பூமியின் காந்தப்புலத்துக்குள், போய்வரும். அங்கேயும் இதே கதைதான்: சூரியக் காற்று பெருமளவு தடுக்கப்படும், புயல் புரோட்டான் நுழைந்துவிடும். புயல் எந்தத் தேதியில் வரும் என்று பஞ்சாங்கம் பார்க்கவும் முடியாது.

ஆகவே வீரர்களுக்குப் பொருள்தான் கவசம். தரையில் என்றால் இரண்டு மூன்று மீட்டர் நிலவு மண்ணை முகாமின் மேல் கொட்டி மூடலாம். வீரர்களை நிலவுக்குக் கொண்டுபோகும் நாசாவின் ஓரியன் கலத்தில் இருக்கும்போது புயல் வந்தால், சாமான் வைக்கும் அறைகளுக்குள் ஒடுங்கி, இருக்கிற மூட்டைகளைச் சுற்றி அடுக்கிக்கொள்வதுதான் ஏற்பாடு.