கிராஃப்ட் பீர்: கைவினையா, கைப்பக்குவமா?

பெரிய கம்பெனிகளின் கையில் இல்லாத ஆலைகள் செய்யும் ‘கிராஃப்ட் பீர்’ என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் பலரும் ‘கைவினை பீர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அகராதியிலும் கிராஃப்ட்டுக்கு நேரே கைவினை என்றுதான் இருக்கிறது. ஆனால் பானை வனைவதும் பாய் முடைவதும் கைவினை. இந்தப் பீர் உருவாகும் இடத்துக்குள் போனால் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் எஃகுக் கலன்கள், பம்புகள், குளிர்நீர் ஓடும் குழாய்கள், வெப்பநிலை காட்டும் திரை. கைக்கு அங்கே நேரடி வேலை என்றால் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும் கலன்களைக் கழுவுவதும்தான். அப்படியானால் அந்தக் ‘கிராஃப்ட்’ எதைச் சொல்கிறது?

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு முதலில் வலிமை, ஆற்றல் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் ‘கிராஃப்ட்’ என்றால் இன்றைக்கும் வலிமைதான். ஆங்கிலத்தில் அது மெல்ல நகர்ந்து திறமை என்றாகி, பிறகு திறமை தேவைப்படும் தொழில், அப்புறம் அந்தத் தொழிலில் பிறந்த பொருள் என்று இறங்கி வந்தது. ‘கைவினை’ என்ற மொழிபெயர்ப்பு கடைசிப் படியைப் பிடித்துக்கொள்கிறது. பீருக்குப் பொருந்துவதோ நடுப்படி, அதாவது திறமை.

பீர் என்ற சொல்லின் வேர் இன்னும் தீராத வழக்கு. குடிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. ஆங்கிலேயர்களின் பழைய பானத்துக்குப் பெயர் ஏல். அதில் ஹாப்ஸ் கிடையாது. கசப்பும் மணமும் தரும் அந்தக் கொடியின் பூவைச் சேர்த்த பானம் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் கடல் தாண்டி அங்கே பரவியபோது, அதைத்தான் பீர் என்று தனியாகப் பிரித்துச் சொன்னார்கள். புதுச் சரக்கு ஒரு பெயரோடு வந்து இறங்குவது எந்த மொழியிலும் நடப்பதுதான். தமிழில் பீர் என்றே எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. (சங்கப் பாடல்களிலும் ‘பீர்’ உண்டு. அது பீர்க்கு. பிரிவில் வாடும் பெண்ணின் பசலைக்கு அதன் மஞ்சள் பூ உவமையாக வரும். நிறம் ஒத்துப்போவது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.)

சரி, கிராஃப்ட்டுக்கு வருவோம். அடையாகச் சேர்ந்த இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் எதிர்ப்பு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சில பெரிய கம்பெனிகள் சிறு ஆலைகளை வாங்கியும் மூடியும், எங்கே குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் லாகர் என்ற வெளிர்நிறப் பீரை ஊரெங்கும் நிரப்பின. 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படவிருந்த ஆங்கர் ஆலையை ஃபிரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் வாங்கிக் காப்பாற்றினார். 1971இல் பிரிட்டனில், பீப்பாயிலேயே உயிருள்ள ஈஸ்ட்டுடன் பழுக்கும் ஏலைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்கியது. 1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்ற முன்னாள் கடற்படைக்காரர், கோகோ கோலா பாகு வந்த பீப்பாய்களைக் கலன்களாக மாற்றி நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அது 1982இல் மூடப்பட்டது. ஆனால் ஒரு தனி ஆள் பழைய சாமான்களை வைத்துக்கொண்டே நல்ல பீர் செய்யலாம் என்பதை அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள். 1978இல் வீட்டில் பீர் செய்வதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். பின்னாளில் ஆலை வைத்த பலர் வீட்டுச் சமையலறையில் பழகியவர்கள்.

முதலில் இவற்றை ‘மைக்ரோ’ என்றார்கள், சிற்றாலை. தமிழுக்கு இது வசதியான சொல். ‘சிற்றாலைப் பீர்’ என்று நானும் சில காலம் எழுதியிருக்கிறேன். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. அமெரிக்க ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் வரையறைப்படி, கிராஃப்ட் ஆலை என்பது ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்குள் செய்ய வேண்டும். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 70 கோடி! 2011 வரை வரம்பு 20 லட்சமாக இருந்தது. ஆலைகள் வளர வளர ‘சிறு’ என்ற சொல்லும் கூடவே வளர்ந்தது. 70 கோடி லிட்டரைச் சிற்றாலை என்று எழுத என் கை வரவில்லை.

அதே வரையறையில் இன்னொரு விதி: கிராஃப்ட் ஆலை அல்லாத ஒரு மது நிறுவனத்தின் கையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக்கூடாது. 2011இல் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை அன்ஹாய்சர்-புஷ் என்ற பெரிய பீர் கம்பெனி வாங்கியது. செய்முறை மாறாமலே இருக்கலாம். ஆனாலும் அந்த வரையறைப்படி அதன் பீர் கிராஃப்ட் இல்லை. நாக்கால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த பீர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பதுதான் இங்கே கேள்வி. இந்தச் சொல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெருநகரங்களில் பார் என்ற இடமே மாறிவருவதும் இதே காரணத்தால்தான். பார் என்பது பழைய பிரெஞ்சுச் சொல், குறுக்குக்கட்டை என்று பொருள். கொடுப்பவரையும் குடிப்பவரையும் பிரிக்கும் அந்தப் பலகையின் பெயர் முழு அறைக்கும் ஆகிவந்தது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களைக் குறிக்கும் பாரும் அப்படி ஒரு தடுப்புக் கிராதியிலிருந்து வந்ததுதான். அரசாணையில் ‘மதுக்கூடம்’ என்று இருக்கும், பேச்சில் பார்தான். இப்போது பரவியிருக்கும், ஆலைக்குள்ளேயே பீர் பரிமாறும் டேப் ரூமில் அந்தத் தடுப்பு மெலிந்துவிட்டது. டேப் என்பது ஆதியில் பீப்பாயின் துளையை அடைத்த தக்கை, பிறகு குழாய். அந்தக் குழாய்க்குப் பின்னால் சுவர் இல்லாமல் கலன்களே நிற்கும். லண்டனின் பெர்மாண்ட்சியில் ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் 2009இல் தி கெர்னல் ஆலை தொடங்கியது. பின்னால் வரிசையாகப் பல ஆலைகள் வந்து சேர, சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக நடந்து போகிற தடமே உருவாகி, அதற்குப் ‘பீர் மைல்’ என்று பெயரும் வந்துவிட்டது. சரக்குக் கிடங்கு, பழைய தொழிற்கூடம், பாலத்தடி என்று இந்த ஆலைகள் தேடிப்போகும் இடங்கள் எல்லா நகரத்திலும் ஒன்றுபோல இருக்கும். நிரம்பிய கலனைத் தாங்கும் தரையும் உயரமான கூரையும் மலிந்த வாடகையும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கும்.

அப்படி ஒரு டேப் ரூமில் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். பீர் செய்பவர் கலனின் பக்கவாட்டில் உள்ள சிறு குழாயைத் திறந்து அரை டம்ளர் பிடித்தார். குடிக்கவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே டம்ளரை வைத்துச் சூடேற்றி, மேலே கையால் மூடி, சட்டென்று திறந்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். லேசாக வெண்ணெய் வாசம். நொதிக்கும்போது உண்டாகும் ஒரு பொருளின் வாசம் அது. இன்னும் சில நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். “இன்னும் பச்சை. ரெண்டு நாள் போகட்டும்” என்றார். பீர்த் தொழிலில் முதிராத பீரைப் பச்சை என்றுதான் சொல்கிறார்கள். எஃகுக்கும் திரைக்கும் நடுவே அந்த இரண்டு நாளைச் சொன்னது அவருடைய மூக்கு.

இதற்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: கைப்பக்குவம். ஒரே சாமான், ஒரே அடுப்பு, ஆள் மாறினால் ருசி மாறுகிறது என்றால் அதைக் கைப்பக்குவம் என்கிறோம். கையால் செய்ததா இயந்திரத்தால் செய்ததா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. எப்போது இறக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதை அது சொல்கிறது. பழைய ஆங்கிலத்தின் நடுப்படிக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தோன்றவில்லை. பக்குவம் என்றால் பதம் என்பதோடு முதிர்ச்சியும்தானே.

பீருக்கே தமிழ்ப் பெயர் வேண்டும் என்பவர்களுக்குத் ‘தோப்பி’ இருக்கிறது. நெல்லால் செய்த கள் என்று உரைகாரர்கள் பொருள் சொல்லும் சொல் இது. அகநானூற்றில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள் படைக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில், வீட்டிலேயே சமைத்த தோப்பியைப் பருகுகிறார்கள். பனங்கள்ளும் திராட்சை மதுவும் இனிப்புச் சாற்றிலிருந்து வருபவை. பீர் தானியத்தின் மாவுச்சத்திலிருந்து வருவது, ஆகவே தோப்பி அதற்கு உறவுக்காரச் சொல். அதே பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் செய்யும் முறையை வரிவரியாகச் சொல்கிறது. அரிசியைக் களிபோலத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவைத்து, நல்ல முளையைச் சேர்த்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகிறார்கள். முளைகட்டிய தானியம்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், இன்றைய மால்ட் செய்யும் வேலையும் அதுவே. பிறகு வருகிறது எனக்கு மிகப் பிடித்த தொடர்: ‘வழைச்சு அற விளைந்த’. வழைச்சு என்றால் முதிராத பச்சைத் தன்மை. அது நீங்கும்படி விளைந்த கள். டம்ளரைச் சூடேற்றி முகர்ந்தவர் சொன்ன ‘பச்சை’க்குச் சங்கத் தமிழ்ச் சொல் இதுதான்.

ஆகவே, கட்டுரையிலும் பேச்சிலும் ‘கைப்பக்குவப் பீர்’. இன்னும் துணிந்தவர்கள் ‘கைப்பக்குவத் தோப்பி’ என்று எழுதலாம். ‘காய்ச்சுவது’ என்ற வினையை மட்டும் விட்டுவிடுங்கள். அது சாராயத்தோடு ஒட்டிக்கொண்டது, பீர் அப்படி ஆவியாக்கி இறக்குவதில்லை. சங்கத் தமிழ் கள்ளை ‘அடுதல்’ என்றது, கள் செய்த பெண்களைக் ‘கள்ளடு மகளிர்’ என்றது. இன்றைய நடையில் ‘பீர் சமைப்பது’ என்றால் போதும்.

டேப் ரூம் பலகையில் எழுத இன்னும் இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. வடிகட்டித் தெளிந்த பீரும், வடிகட்டாமல் மங்கலாக வரும் ஐபிஏவும் (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் வருகின்றன அல்லவா? முன்பெல்லாம் வேந்தன் எங்களுக்குக் கலங்கலைத் தந்து தான் தேறலை உண்பான் என்று புறநானூற்றின் 298ஆம் பாட்டில் ஒரு வீரன் சொல்கிறான். தெளிந்தது தேறல், மங்கியது கலங்கல்.