சிலம்பக் கம்பு ஏன் பிளக்கிறது?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறப் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். எனக்கு, கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசலைப் பார்ப்பதில்தான் ஆசை. மூங்கிலைப் பிளந்தெடுத்த பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். பிளாச்சு எடுக்கும் வேலை அதைவிட அழகு. கழியின் முனையில் கத்தியை வைத்து ஒரு தட்டு. அப்புறம் கத்தியை லேசாகத் திருப்பினால் போதும், பிளவு தானாகவே நேர்கோட்டில் ஓடும்.

அதே குணம்தான் என் முதல் சிலம்பக் கம்பைப் பாழாக்கியது. தருமபுரியில் மகளைப் பயிற்சிக்குச் சேர்க்கப் போய், நானும் அவளோடு கற்றுக்கொள்ளத் தொடங்கிய நேரம். ஒரு கடையில் பளபளவென்று வார்னிஷ் அடித்த கம்பு ஒன்றை வாங்கினேன். ஏப்ரல் மாதம். மொட்டை மாடிச் சுவரில் சாய்த்துவிட்டு மறந்துபோனேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு. சின்னக் கீறல்தானே என்று அதோடு பயிற்சிக்குப் போனேன். நாலைந்து அடி வாங்கியதுமே கோடு வாய் பிளந்து, ஒரு சிராய் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஆசான் கம்பை வாங்கி முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கணு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மூங்கிலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மூங்கில் மரமில்லை, புல். நம் வயலில் நிற்கும் கேழ்வரகுக்கு உறவுக்காரன். ராகித் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அதே கணு, அதே கணுவிடை. மரம் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். மூங்கில் பருக்காது; முளை மண்ணைவிட்டு வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பிறகு 3, 4 ஆண்டுகள் அது உள்ளுக்குள் இறுகுகிறது. நார்ச் செல்களின் சுவர் தடிக்கிறது, லிக்னின் என்ற பொருள் அவற்றுக்கிடையே பசைபோல நிறைகிறது.

இந்த நார்கள் ஓடும் திசைதான் முக்கியம். மரத்தில் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் குறுக்கே போகும் கதிர்ச் செல்கள் உண்டு. மூங்கிலின் கணுவிடையில் அவை கிடையாது, எல்லாமே நெடுக்குதான். அதனால் இழுத்து அறுக்க முடியாத அளவுக்கு உறுதி இருந்தும், பக்கவாட்டில் பிரித்தால் தடுக்க ஆளில்லை. இரண்டு நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை மட்டும் கத்தி பிரித்தால் போதும். கணுவில் நிலைமை மாறுகிறது. அங்கே நார்கள் வளைந்து, சில குறுக்கே திரும்பி, உள்ளே ஒரு தடுப்புச் சுவரையும் கட்டுகின்றன. ஓடிவரும் பிளவு அங்கே தடுமாறும். பரிசல்காரர் கணுவில் மட்டும் கத்தியை அழுத்தித் தட்டுவது இதனால்தான்.

ஆகவே கம்பு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டு முனைகளையும். கணுவைத் தாண்டி அரை அங்குலத்தில் அறுத்திருக்க வேண்டும். கணுவுக்கும் முனைக்கும் நடுவே ஒரு சாண் வெறுமையாக நீண்டிருந்தால், அந்த ஒரு சாணும் பிளவுக்குத் திறந்துவிட்ட பாதை. என் கம்பு அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது, தோல். மூங்கிலின் குறுக்குவெட்டைப் பார்த்தால் வெளிப்பக்கம் நெருக்கமாகப் புள்ளிகள் தெரியும். உள்ளே போகப் போகப் புள்ளிகள் விலகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. கம்பை வளைக்கும்போது அதிகம் இழுபடுவதும் நசுங்குவதும் வெளிப்பரப்புதான். மூங்கிலும் தன் நாரை அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறது. தோலில் சிலிக்காவும் படிந்து அதைக் கடினமாக்குகிறது. ஆனால் கம்பு ஒரே பருமனாக, வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சிலர் அந்தத் தோலையே இழைத்துத் தள்ளி, மேலே வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், உறுதி போயிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்கவே வேண்டாம் என்பேன். கணுவின் மேடு கையில் உறுத்தினால் அந்த மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

மூங்கில் வகைக்கு வருவோம். நமக்குத் தெரிந்தவை முக்கியமாக இரண்டு. பெருமூங்கில் எனும் முள் மூங்கில் பருமனானது, நடுவில் பெரிய பொந்து உடையது. கல் மூங்கில் ஒல்லியானது, சதை தடித்தது. கல் மூங்கிலுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. செழிப்பான ஈர மண்ணில் வளர்ந்தால் நடுவில் பொந்து விடும். வறண்ட மேட்டு நிலத்தில் தவித்து வளர்ந்தால் ஏறக்குறைய முழுக்கக் கெட்டியாகிவிடும். மழை குறைந்த மாவட்டம் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். சிலம்பக் கம்புக்கு அந்த வறட்சியே நல்லதாகப் போய்விடுகிறது.

அதற்காக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டுக்குள் போய் வெட்டிவிடலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. அங்கே காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, 2014 முதல். அந்த மூங்கில் யானையின் சாப்பாடு. காட்டு மூங்கிலை அனுமதியின்றி வெட்டுவது குற்றமும்கூட. ஆனால் 2017இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. விவசாயி தன் நிலத்தில் வளர்த்ததை வாங்குவதுதான் சரியான வழி.

வெட்டிய மூங்கில் இளசா முற்றலா என்று எப்படித் தெரியும்? ஓர் ஆண்டுகூட ஆகாத கழியைக் காயவைத்தால் அதன் தோல் வற்றிச் சுருக்கம் விழும், சில இடங்களில் உள்வாங்கியும் இருக்கும். முற்றியது காய்ந்தாலும் விறைப்பாக நிற்கும்.

அப்புறம் தட்டிப் பார்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்ய ஒரு கணக்கு உண்டு. நடுவில் தட்டினால் கம்பு வில்போல வளைந்து வளைந்து அதிரும். அப்படி அதிரும்போது இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். நுனி முதல் அடிவரை ஒரே சீரான கம்பில் அந்த இடங்கள் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதத் தொலைவில் அமையும். 5 அடிக் கம்பு, அதாவது 60 அங்குலம் என்றால் முனையிலிருந்து சுமார் 13½ அங்குலம். அங்கே இரண்டு விரலால் மெல்லப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு சாவியால் தட்டுங்கள். அதிர்வை விரல் விழுங்காது. நல்ல கம்பு 'டொங்' என்று ஒரு கணம் பாடும். உள்ளே விரிசல் இருந்தால் அதன் இரு பக்கங்களும் உரசிக்கொண்டு அதிர்வைத் தின்றுவிடும். 'டப்' என்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பல விரிசல்களை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்திருக்கிறது.

நீளம் பற்றிப் பெற்றோர்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். "வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கிடலாம்" என்று பள்ளிச் சீருடை எடுப்பதுபோலக் கம்பையும் எடுக்கிறோம். ஒரு கம்பைச் சுழற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அதன் எடையைப் பொறுத்ததோடு, அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்தத் தொலைவு கணக்கில் வர்க்கமாக நுழைகிறது. நீளம் கூடினால் எடையும் கூடும். ஆக, ஒரே பருமனுள்ள கம்பில் சுழற்சிக்கான எதிர்ப்பு நீளத்தின் கன மடங்காக ஏறுகிறது. 4 அடிக் கம்பு போதும் என்ற குழந்தையிடம் 5 அடிக் கம்பைக் கொடுத்தால், எடை கால் பங்குதான் கூடும், சுழற்றும் பாடோ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். "மணிக்கட்டு வலிக்குதுப்பா" என்று என் மகள் சொன்னபோது சோம்பல் என்று நினைத்தேன். தவறு என்னுடையது.

தரையிலிருந்து புருவம் அல்லது நெற்றி வரை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஆசான் வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். பருமனுக்கு, பிடித்தால் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் வசதியாக ஏறி உட்கார வேண்டும். 5 அடி நீளத்தில் ஓர் அங்குலப் பருமனுள்ள கெட்டிக் கம்பு அரைக் கிலோவைத் தாண்டிவிடும். 22 மில்லிமீட்டர் பருமனில் அது சுமார் 430 கிராம்தான். பயிற்சியின் முதல் ஆண்டுக்கு எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது.

எடை குறைந்ததால் ஆபத்து குறைந்துவிடாது. 5 அடிக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு 2 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 சுற்றுக்கு 50ஐத் தாண்டும். ஊருக்குள் ஓடும் வண்டியின் வேகம் அது. விரிசல் விட்ட முனையிலிருந்து ஒரு சில்லு கழன்றால் அந்த வேகத்தில்தான் பறக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரம்பு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, நடுவில் பொந்து இல்லாதது. பிலிப்பைன்ஸ் நாட்டு அர்னிஸ் பயிற்சிக் கழிகள், சுமார் 28 அங்குலக் குறுங்கழிகள், பெரும்பாலும் பிரம்புதான். கழியோடு கழி ஓயாமல் மோதும் கலை அது. அடிபட்ட பிரம்பு மூங்கிலைப்போல நீளமாகப் பிளந்து கூர்மையான சில்லு விடாமல், நார் நாராகப் பஞ்சாகிவிடும். பழகுபவருக்கு அது பாதுகாப்பு. இணையாக நின்று அடித்துத் தடுக்கும் பயிற்சிக்குப் பிரம்பை வைத்துக்கொள்ளலாம். தனியாகச் சுவடு, அதாவது காலடி வரிசை, போட்டுச் சுற்றுவதற்கு மூங்கிலின் விறைப்பும் அது காற்றில் எழுப்பும் ஓசையும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி பராமரிப்பு. வெட்டிக் காய்ந்த பிறகும் மூங்கில் காற்றோடு நீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் இடத்தில் நெடுநாள் கிடக்கும் மரத்தில் நீர் சுமார் 6 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீத ஈரக்காற்றில் சுமார் 16 சதவீதத்துக்கு ஏறும். மூங்கிலும் ஏறக்குறைய இதே போக்குத்தான். நீர் போனால் சுருங்கும், வந்தால் உப்பும். சிக்கல் என்னவென்றால், வழவழப்பான தோல் வழியாக நீர் எளிதில் போகாது. அறுபட்ட முனையில் நார்க் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் அங்கிருந்து வேகமாக வெளியேறும். முனை சுருங்கப் பார்க்கிறது, சற்று உள்ளே இருக்கும் பகுதி இன்னும் ஈரத்தோடு விட மறுக்கிறது. இந்த இழுபறியில் முனை கிழிகிறது. மொட்டை மாடியில் என் கம்புக்கு நடந்தது இதுதான்.

அதனால் வெயிலில் வைக்காதீர்கள். முனைகளில் தேன்மெழுகை உருக்கித் தடவினால் நீரின் அவசரம் அடங்கும். முனையைப் பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால் இன்னும் நல்லது. மூங்கிலில் இல்லாத குறுக்கு நாரை நாம் வெளியிலிருந்து கட்டிக் கொடுக்கிறோம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது, தருமபுரி அதில் பாதி உயரம்தான். ஓசூரில் வாங்கிய கம்பைக் கோடையில் தருமபுரிக்குக் கொண்டுவந்தால் சில நாள் நிழலில் பழகவிடுங்கள்.

கோடையில் கம்பு மிகவும் காய்ந்து கலகலத்தால், பயிற்சிக்கு முந்தின இரவு ஈரத்துணி சுற்றி வைக்கலாம். காய்ந்த நார் விறைப்பாக இருந்தாலும் எளிதில் முறியும். கொஞ்சம் ஈரம் இருந்தால் அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். கம்பைத் தண்ணீரில் ஊறவைப்பதும், நீர்ப்பரப்பில் அடித்துப் பதப்படுத்துவதும் சிலம்பத்தில் பழைய வழக்கம். நீர்ப்பரப்பு கம்பின் நீளம் முழுவதையும் ஒரே சீராக அறைகிறது, பலவீனமான இடம் அங்கேயே வெளிப்பட்டுவிடும் என்பது என் புரிதல்.

ஊறவைப்பதில் இன்னொரு நன்மை, வண்டு. கம்புக்கு அடியில் மாவுபோல வெள்ளைத் தூள் கொட்டியிருந்தால் உளு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சின்ன வண்டின் புழுவுக்கு வேண்டியது மூங்கிலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து. வெட்டிய பச்சைக் கழியைக் குட்டையில் 4 வாரத்துக்கு மேல் மூழ்கவைத்தால் சர்க்கரையும் மாவுச்சத்தும் பெருமளவு கரைந்து வெளியேறும், வண்டுக்கு இரை குறையும். கம்பு வாங்கும்போது ஊறவைத்துக் காயவைத்ததா என்று கட்டாயம் கேளுங்கள். உளுத்த கம்பை மற்ற கம்புகளோடு வைக்க வேண்டாம்.

எண்ணெய் தடவுவதாக இருந்தால் ஆளி விதை எண்ணெய். தச்சர்கள் லின்சீட் ஆயில் என்பார்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாக இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் இறுகாது. பிசுக்குப் பிடித்துப் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை மெல்லத் தடவித் துடைத்தால் போதும், மிஞ்சினால் கை வழுக்கும். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அந்த எண்ணெய் வெப்பம் விடும். சுருட்டிய துணியில் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பை முனை முதல் முனை வரை உருவிவிடுகிறேன். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே சிராய் எழும்புகிறது. உப்புத்தாள் போட்டு அடங்கினால் சரி. நகத்தைவிட்டால் உள்ளே இறங்கும் விரிசல் என்றால் அந்தக் கம்புக்கு ஓய்வு.

என் முதல் கம்பின் பிளவு எங்கே நின்றிருந்தது என்று பிறகு அளந்து பார்த்தேன். முனையிலிருந்து வந்த முதல் கணுவில், சரியாக அதன் விளிம்பில். அந்தக் கணுவுக்கு அடுத்த கணுவைத் தாண்டி அரை அங்குலம் விட்டு ஆசான் அறுத்துக் கொடுத்தார், மெழுகு தடவி நூலும் கட்டினார். மிச்சம் 4 அடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தோல் இழைத்த கம்பு என்பதால் அடித்துத் தடுக்கும் பயிற்சிக்கு அதை விடுவதில்லை. மகள் சுவடு பழக அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள், மணிக்கட்டு வலி இல்லை.