ஒளித் தாங்கலா, ஒளிச் சேமிப்பகமா?

ஒளியாக ஓடும் தரவைச் சற்று நேரம் தாமதப்படுத்தி வைக்கும் அமைப்பு ஆப்டிகல் பஃபர். அதை ‘ஒளிச் சேமிப்பகம்’ என்று எழுதுவது இந்த வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் கண்ணில் பட்டது. பல தடவை பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாயிற்று, சரி, இந்த முறை எழுதிவிடுகிறேன்.

பஃபர் என்பது, மெத்தென்ற பொருளில் அடி விழும் ஓசையிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் என்பார்கள். ரயில் பெட்டிகள் மோதும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் உறுப்புக்குப் பெயராகி, அப்புறம் வேதியியலுக்கும் கணினிக்கும் போனது. அவ்வளவுதான்.

சேமிப்பது என்றால் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போய், வேண்டும்போது வந்து எடுப்பது. ஒளி அப்படி உட்காராது. கண்ணாடி இழைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பொதுவாகச் சுற்றவிடத்தான் முடியும். ஒரு கிலோமீட்டர் இழைச் சுருளில் கிடைப்பது சுமார் 5 மைக்ரோநொடி தாமதம். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 1500 பைட் பாக்கெட் (தரவுப் பொட்டலம்) ஒன்றே இழையில் 240 மீட்டர் நீளும், முன்னால் போவது வழிவிடும்வரை அதைச் சுருளில் ஓடவிடுகிறார்கள். 2007-இல் டியூக், ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளித்துடிப்பை இழைக்குள்ளேயே ஒலியதிர்வாக மாற்றி, மறுபடி ஒளியாக்கினார்கள். எவ்வளவு நேரம்? அதிகபட்சம் 12 நானோநொடி. இதற்குப் பெயர் சேமிப்பா?

அதைவிட மோசம், ஒளிச் சேமிப்பகம் என்ற பெயர் சிடி, டிவிடிக்குத்தான் பொருந்தும். அங்கே தரவு தட்டில் குழிகளாக இருக்கிறது, ஒளி அதை எழுதவோ படிக்கவோ மட்டும் வருகிறது. இங்கே தரவே ஒளி. நேரெதிரான இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் மாணவர் என்ன செய்வார்? பொருளைப் பார்க்காமல் அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் காரணம். ‘இடையகம்’ என்பாரும் உண்டு. எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, என்ன செய்கிறது என்று சொல்லவில்லை.

என் ஓட்டு ‘ஒளித் தாங்கல்’ பக்கம். வேதியியல் பஃபரைத் தாங்கல் கரைசல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தாங்கலுக்கு ஏரி என்ற பொருளும் உண்டு, பழவந்தாங்கல் மாதிரி ஊர்ப்பெயர்களில் இன்னும் இருக்கிறது. வரும் வெள்ளத்தை வாங்கி நிறுத்தி மெல்ல விடுவது ஏரி, இதுவும் அந்த வேலைதான். மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறதே என்றார் நண்பர் ஒருவர். வரட்டுமே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏரி மதகை நினைத்த நேரம் திறக்கலாம். இழை வளையத்தின் மதகான ஒளிச் சுவிட்சைத் திறந்தாலும், சுற்று முடிந்து பாக்கெட் அங்கே வந்தால்தான் வெளியேறும். சுவிட்சே இல்லாத வெறும் சுருளைத் தாங்கல் என்று நானும் சொல்லமாட்டேன், அது தாமதச் சுருள்.