பிரைமரியில் தோற்றவர் அடுத்த முறை வலுவான வேட்பாளர் ஆவாரா?

2012 மார்ச் 6 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியின் (அதிபர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல்) வாக்குச்சீட்டில் இரண்டே பெயர்கள் இருந்தன: மிட் ராம்னி, ரான் பால். அந்த நேரத்தில் ராம்னிக்கு உண்மையான நெருக்கடி கொடுத்துக்கொண்டிருந்த ரிக் சாண்டோரமும் நியூட் கிங்ரிச்சும் சீட்டிலேயே இல்லை. மாநில விதிப்படி 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். 11 நாடாளுமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400 கையெழுத்தாவது அதில் இருக்க வேண்டும். கிங்ரிச் கொடுத்தவற்றில் செல்லத்தக்கவை போதவில்லை. சாண்டோரம் மனுவே கொடுக்கவில்லை. சீட்டில் இடம்பிடித்த இருவரும் 2008இல் போட்டியிட்டுத் தோற்றவர்கள். எந்த மாநிலத்தில் எந்தக் காகிதத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

முதல் தோல்வி தரும் பயன்களில் இதுதான் மிகவும் திடமானது. அமெரிக்க பிரைமரி என்பது ஒரே தேர்தல் அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி, தனிக் கெடு, தனிக் கணக்கு. வேட்பாளர்கள் சேர்ப்பது கடைசியில் வாக்குகளை அல்ல, கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளை. ஜனநாயகக் கட்சியில் ஒரு தொகுதியில் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்குபவருக்குப் பிரதிநிதி கிடையாது. ஆறு பிரதிநிதிகள் உள்ள ஒரு தொகுதியில் நால்வர் 45, 30, 14, 11 சதவீதம் வாங்கினால், முதலாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 2. மற்ற இருவரும் சேர்ந்து வாக்காளர்களில் கால் பங்கைக் கவர்ந்தும் வெறுங்கை.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாததன் விலையை ஹிலாரி கிளிண்டன் 2008இல் கொடுத்தார். பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியைச் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் வென்றார். 59க்கு 48 என்று 11 பிரதிநிதிகள் முன்னிலை. அதே நாளில் பராக் ஒபாமா, மக்கள்தொகை குறைந்த ஐடஹோவின் காக்கஸ் கூட்டங்களில் (கட்சியினர் நேரில் கூடி ஆதரவைத் தெரிவிக்கும் முறை) 15க்கு 3 என்று 12 பிரதிநிதிகள் முன்னிலை பெற்றார். பெரிய மாநிலத்தின் வெற்றியைச் சிறிய மாநிலம் தின்றுவிட்டது. 2016இல் மீண்டும் இறங்கியபோது, ஒபாமாவுக்குப் பிரதிநிதிக் கணக்குப் போட்ட நிபுணரையே கிளிண்டன் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் கட்சிக்குள் வெல்வது வேறு, நாட்டில் வெல்வது வேறு. 1980 முதல் 2024 வரை இரு பெரிய கட்சிகளும் நிறுத்தியவர்களில், பதவியிலிருந்த அதிபர்களையும் முன்னாள் அதிபராக 2024இல் திரும்பி வந்த டிரம்ப்பையும் விட்டுவிட்டால் 16 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் முன்பு தங்கள் கட்சியின் வேட்பாளர் தேர்வில் இறங்கித் தோற்றவர்கள் அல்லது பாதியில் விலகியவர்கள்: ரீகன், மூத்த புஷ், டோல், கோர், மெக்கெய்ன், ராம்னி, ஹிலாரி கிளிண்டன், பைடன், ஹாரிஸ். வெள்ளை மாளிகைக்குப் போனது மூவர். தன் கட்சியில் முதல் முறையே வேட்பாளரான ஏழு பேரில் நால்வர் வென்றார்கள்: பில் கிளிண்டன், இளைய புஷ், ஒபாமா, 2016இல் டிரம்ப்.

இந்த ஒன்பது பேரை இன்னும் பிரித்துப் பார்க்க வேண்டும். புஷ், கோர், பைடன், ஹாரிஸ் நால்வரும் இடையில் துணை அதிபர் ஆனவர்கள். பைடன் 2008இல், முதலில் வாக்களித்த மாநிலமான அயோவாவில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஹாரிஸ் 2019 டிசம்பரில், ஒரு வாக்கு விழும் முன்பே விலகினார். இவர்களை உயர்த்தியது பதவி, தோல்வி அல்ல. அந்தப் பதவி இல்லாமல் திரும்பிய ஐவரில் அதிபரானவர் ரீகன் மட்டுமே. எண்ணிக்கை சிறியது, சூழலும் பேசுகிறது: டோலும் ராம்னியும் பதவியிலிருந்த அதிபரை எதிர்த்தார்கள், மெக்கெய்ன் நிதி நெருக்கடியின் நடுவே மாட்டிக்கொண்டார். அதனால் தோற்றவர்கள் பலவீனமானவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. வலுவானவர்கள் என்று கட்டவும் முடியாது.

இன்னொரு பிழை பரவலாக நடக்கிறது. திரும்பி வந்து வென்றவர்களை மட்டும் எண்ணுகிறோம். 2016இல் குடியரசுக் கட்சியில் மட்டும் 17 பேர் போட்டியில் இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் இப்படித் தோற்றவர்களில் பெரும்பாலோர் மறுபடி களத்துக்கே வருவதில்லை. நன்றாகப் போட்டியிட்டவர்களே திரும்புகிறார்கள். திரும்பாதவர்களையும் கணக்கில் சேர்த்தால் வெற்றி விகிதம் வெகுவாகச் சரியும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, பழைய வாக்கு யாருக்காக விழுந்தது என்பதுதான். சாண்டோரம் 2012இல் 11 மாநிலங்களை வென்றவர். மைக் ஹக்கபி 2008இல் 8 மாநிலங்கள். இருவருமே அயோவாவை வென்றிருந்தார்கள். 2016இல் அதே அயோவாவில் இருவருமே 2 சதவீதத்தை எட்டவில்லை. சாண்டோரமுக்கு விழுந்ததில் பெரும்பங்கு ராம்னி வேண்டாம் என்ற வாக்கு. ராம்னி போனதும் அதுவும் போயிற்று. பெர்னி சாண்டர்ஸ் 2016இல் மிச்சிகனில் கிளிண்டனை வென்றார்; 2020இல் எதிரே பைடன் நின்றபோது அங்கே ஒரு கவுண்டிகூட (மாவட்டம் போன்ற பகுதி) கிடைக்கவில்லை.

அடுத்தது, இடைப்பட்ட ஆண்டுகள். 1976 கட்சி மாநாட்டில் ரீகன், அப்போதைய அதிபர் ஃபோர்டிடம் 1,187க்கு 1,070 என்று தோற்றார். பிரச்சாரத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு 1977இல் ஓர் அரசியல் நிதிக்குழுவைத் தொடங்கி, அதன் வழியே கட்சியின் மற்ற வேட்பாளர்களுக்கு உதவினார். வானொலியில் தொடர்ந்து பேசினார். 1980இல் அவர் புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

குடியரசுக் கட்சியில் டிரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலி 2024 மார்ச் 6 அன்று விலகினார். வெர்மாண்ட்டும் வாஷிங்டன் டி.சி.யும் மட்டுமே அவர் வென்றவை. ஆனால் விலகி இரண்டு மாதம் கழித்து நடந்த இந்தியானா பிரைமரியில் அவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இதைப் பெரும் பலம் என்று எடுத்துக்கொள்ளும் முன், இந்தியானாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை, அதனால் மற்றக் கட்சி ஆதரவாளர்களும் அதில் வாக்களித்திருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். டிரம்ப்புக்கு எதிராக வாக்களிக்க வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ, டிரம்ப் பெயர் இல்லாத ஒரு சீட்டில் அத்தனை பேரும் ஹேலியைத் தேடி வர வேண்டிய கட்டாயம் இல்லை.