புண் வாயில்தானே, கழுத்தை ஏன் அறுக்க வேண்டும்?

வண்டிப்பெரியாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் அந்த அம்மா. நாக்கின் ஓரத்தில் புண். ஒன்றரை மாதமாக ஆறவில்லை. வெற்றிலையும் புகையிலையும் இருபது வருடப் பழக்கம். சதைப் பரிசோதனையில் புற்று உறுதியானது. நாக்கோடு கழுத்திலும் அறுவை செய்ய வேண்டும் என்றேன். கறை படிந்த கட்டைவிரலால் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

“நெறி எதுவும் கட்டவில்லையே டாக்டர். புண் வாயில்தானே, கழுத்தை ஏன் அறுக்க வேண்டும்?”

இதற்குப் பதில் சொல்லாமல் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது.

வாய்ப் புற்று பெரும்பாலும் முதலில் இறங்கும் இடம் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள். அவை வீங்கினால்தான் நெறி என்கிறோம். தொடக்கத்தில் அங்கே ஒளிந்திருக்கும் செல்கள் விரலுக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தப்பிவிடும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தில் நெறி இல்லாத ஆரம்பநிலை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். முதல் அறுவையிலேயே கணுக்களையும் எடுத்தவர்களில் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். நெறி தென்பட்டபின் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கணுவுக்குப் போய்விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கணுவின் உறையைக் கிழித்து வெளியேறியிருந்தால் இன்னும் மோசம். கதிர்வீச்சோடு கீமோவும் வேண்டியிருக்கும்.

அவருடைய அடுத்த கவலை தோள். பறித்த கொழுந்தைச் சுமக்க முடியுமா? நியாயமான கேள்வி, இதை நாங்கள்தான் முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். தோளைத் தூக்க உதவும் நரம்பு கணுக்களின் நடுவே ஓடுகிறது. அதைக் காப்பாற்றித்தான் அறுக்கிறோம். ஆனாலும் சில மாதம் தோள் கனக்கும், பயிற்சியைச் சீக்கிரமே தொடங்க வேண்டும்.

அறுவையில் அவருக்கு எடுத்த 26 கணுக்களில் இரண்டில் புற்று இருந்தது. விரலுக்குத் தெரியாத இரண்டு. உறை கிழியவில்லை, அதனால் கீமோ வேண்டாம், கதிர்வீச்சு போதும். அறுவை முடிந்தவர்கள் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய், உறை கிழிந்ததா?

கதிர்வீச்சு தேவையென்றால் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அவரோ கம்பத்தில் அக்கா வீட்டில் பொங்கல் வரை தங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். தேறுகிற உடம்பில் மிச்சமிருக்கும் செல்லும் தேறும் அம்மா என்றேன். குமுளி மலை இறங்கவில்லை. அக்காதான் மேலே ஏறி வந்தார். முப்பத்தெட்டாம் நாள் கதிர்வீச்சு தொடங்கியது.