டிஸ்க் இல்லாத சர்வர்களுக்குச் சேமிப்பகம் தேர்ந்தெடுத்தல்

டேட்டா சென்டர் ரேக்குகளில் அடுக்கப்பட்டிருக்கும் சர்வர்களில் சில, தமக்கென ஒரு டிஸ்க்கூட இல்லாமல் இயங்குகின்றன. மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் கார்டிலுள்ள, நெட்வொர்க் வழியே எழுப்ப உதவும் பிஎக்ஸ்இ நிரல், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வழியாகத் தனக்கொரு முகவரி பெற்றுத் துவக்க நிரலை இறக்கிக்கொள்கிறது. அதன்பின் நினைவகத்தில் ஏறும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வேறொரு ரேக்கிலிருக்கும் சேமிப்பகத்தைத் தன் சொந்த டிஸ்க்காகவே பாவித்து இணைத்துக்கொள்கிறது. ஒரு சர்வர் பழுதானால், இன்னொன்றை அதே தரவுடன் எழுப்பிவிடலாம்.

அந்தச் சேமிப்பகத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை டெராபைட் என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க், அரைச் சுற்றுக்கே சுமார் 4.2 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. படிமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் தரவுக்கான கோரிக்கைகளில் நொடிக்கு நூறை முடித்தாலே பெரிது. நூறு சர்வர்கள் ஒருசேர எழுந்து தலைக்கு 200 கோரிக்கைகள் அனுப்பினால், கொள்ளளவுக்கு இருபது டிஸ்க் போதுமென்றாலும் வேகத்துக்கு இருநூறு வேண்டியிருக்கும்.

ஆயினும், எல்லோரும் அஞ்சும் இந்தத் துவக்க நெரிசல் அவ்வளவு கொடியதன்று. நூறு சர்வர்களும் படிப்பது ஒரே இயங்குதளப் பிம்பத்தை (இயங்குதளத்தின் முழு நகலை) என்றால், முதல் சர்வர் கேட்ட பகுதிகளைச் சேமிப்பகம் தன் நினைவகத்தில் வைத்திருந்து மற்றவற்றுக்கு அங்கிருந்தே கொடுத்துவிடும். எழுதும்போது அந்தக் குறுக்குவழி இல்லை. ஒரு தரவுத்தளம் 'எழுதியாயிற்று' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும்போது, மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் அது பதிந்த பிறகே சேமிப்பகம் பதில் சொல்ல வேண்டும். தரவைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் செஃப் போன்ற பகிர்ந்த சேமிப்பகத்தில், பழுதைத் தாங்க மூன்று பிரதிகள் வைத்தால் மூன்று மடங்கு இடம் செலவாகும். நான்கு தரவுத் துண்டும், தொலைந்த துண்டை மீட்பதற்காக அவற்றிலிருந்து கணக்கிடப்படும் இரண்டு சரிபார்ப்புத் துண்டுமாகப் பிரித்தால் ஒன்றரை மடங்கே போதும். ஆனால் சிறு மாற்றத்துக்கும் சரிபார்ப்புத் துண்டுகளைக் கணக்கிட்டுத் திருத்த நேரிடும் என்பதால், அது பழைய பதிவேடுகளுக்குப் பொருந்துமே தவிர தரவுத்தளத்துக்குப் பொருந்தாது.

இணைக்கும் விதிமுறையில் குழப்பம் குறைவு. பல சர்வர்கள் ஒரே கோப்புகளைப் பகிர வேண்டுமானால் என்எஃப்எஸ். தனித்தனி டிஸ்க் போதுமானால் தொலைவிலுள்ள டிஸ்க்கை நெட்வொர்க் வழியே இணைக்கும், 2004இல் வரையறுக்கப்பட்ட ஐஸ்கசி, சுழலும் பகுதியில்லாத எஸ்எஸ்டியின் வேகத்தை இழக்கக் கூடாதென்றால் எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ விதிமுறையின், 2016இல் வெளியான நெட்வொர்க் வடிவம். ஐஸ்கசி டிஸ்க் ஒன்றை இரண்டு சர்வர்கள் சாதாரணக் கோப்பு முறைமையுடன் ஒரே நேரத்தில் எழுதத் திறந்தால், தரவு சிதைந்துவிடும்.

நெட்வொர்க் அறுந்தால் நடப்பதும் கவனத்துக்குரியது. லினக்ஸின் ஐஸ்கசி மென்பொருள், மாற்றாமல் விட்டால், 120 நொடி வரை இணைப்பு மீளக் காத்திருக்கும். அதுவரை எழுத முயலும் நிரல்கள் உறைந்து நிற்கும், பிறகு கோப்பு முறைமை பெரும்பாலும் படிக்க மட்டுமென மாறிவிடும். ஆகவே இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகள் வழியாக இரண்டு பாதைகள் அமைத்து, இந்தக் காத்திருப்பைச் சில நொடிகளாகக் குறைப்பார்கள். விலை பேசுவதற்கு முன், முழு வேகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டச் சொல்லி, எத்தனை நொடி தடைபடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.