ஒற்றை நரம்பில் ஓர் எக்காளம்

ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரக்கூடு. கீழே அகன்று, மேலே போகப் போகக் குறுகும். அடிப்பக்கம் மூடாமல் திறந்தே இருக்கும். அதன்மீது தடித்த ஆட்டுக்குடல் நரம்பு ஒன்றே ஒன்று. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதை நிமிர்த்தி வைத்து, தோளில் சாய்த்து, வில்லால் வாசித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வயலின் குடும்பத்துக் குரலாகத் தோன்றாது. பித்தளை எக்காளம் முழங்குவதாகவே தோன்றும். இத்தாலியர் இதை டிரோம்பா மரீனா என்று அழைத்தார்கள்.

ஊதுகுழலின் குரல் நரம்புக்கு எப்படி வந்தது? இதற்கு இரண்டு பகுதிகளில் விடை சொல்ல வேண்டும். எந்தெந்தச் சுரங்கள் பிறக்கின்றன என்பது ஒன்று. அந்தச் சுரங்கள் ஏன் பித்தளையைப் போல உறுமுகின்றன என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் முதலாவதைப் பார்க்காமல் அங்கே போக முடியாது.

பரோக் கால (சுமார் 1600–1750) எக்காளத்தில் வால்வுகள் கிடையாது. நீண்ட குழாய், அவ்வளவுதான். குழாயின் நீளம் ஓர் அடிப்படை அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என முழு எண் மடங்குகளில் மட்டுமே சுரங்கள் கிடைக்கும். இவற்றைச் சீரிசைகள் என்கிறோம். இழுத்துக் கட்டிய நரம்பும் இதே கணக்கில்தான் அதிர்கிறது. முழு நீளமாக ஒரு வளைவு, பாதி பாதியாக இரண்டு, மூன்றில் ஒரு பங்காக மூன்று. வளைவுகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் புள்ளிகள் கணுக்கள்.

டிரோம்பா மரீனா வாசிப்பவர் நரம்பைப் பலகையோடு சேர்த்து அழுத்துவதே இல்லை. இடது கைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் ஒரு கணுவின் மீது மெல்லத் தொடுகிறார். அங்கே அசைவு இல்லாத அதிர்வு மட்டும் பிழைத்துக்கொள்கிறது, மற்றவை அடங்கிவிடுகின்றன. இதில் வியப்பானது வில்லின் இடம். வயலினில் வில் குதிரைக்கும் (தந்தியைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) விரலுக்கும் நடுவே ஓடும். இங்கே விரலுக்கு மேலே, தலைப்பக்கத்துக் குறுகிய துண்டில் ஓடுகிறது. குதிரையோ மறுகோடியில், விரலுக்குக் கீழே இருக்கிறது. வில் எழுப்பும் அதிர்வு விரலைக் கடந்துதான் குதிரையை அடைய வேண்டும். விரலை அழுத்தினால் வழி அடைபட்டுவிடும். எனவே மென்மையாகத் தொடுவது இந்தக் கருவியில் அழகுக்காக அல்ல. ஒலி பிறப்பதற்கே அதுதான் நிபந்தனை.

வயலின் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓரத்துத் தந்தியின் சரிபாதியில் ஒருவர் விரலை மெல்ல வைக்கட்டும். இன்னொருவர் விரலுக்கும் பிரடைக்கும் (தந்தியை முறுக்கும் திருகாணி) இடைப்பட்ட பகுதியில் வில் போடட்டும். ஒரு ஸ்தாயி மேலே தெளிந்த சுரம் எழும். விரலை மூன்றில் ஒரு பங்குக்கு நகர்த்தினால் அதற்கும் மேலே பஞ்சமம் கிடைக்கும். கணுவிலிருந்து விரல் சற்று விலகினால் கரகரப்புதான் மிஞ்சும்.

நரம்பின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது சீரிசைக்குத் தலைப்பக்கத்திலிருந்து சுமார் 18.8 சென்டிமீட்டரில் தொட வேண்டும். ஒன்பதாவதுக்கு 16.7, பத்தாவதுக்கு 15, பன்னிரண்டாவதுக்கு 12.5, பதினாறாவதுக்கு 9.4. ஒரு முழு ஸ்தாயிக்கும் கட்டைவிரல் நகரும் தூரம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. உச்சியில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே ஆறு மில்லிமீட்டர்தான். அதனால் சில கருவிகளின் கழுத்தில் தொட வேண்டிய இடங்களைக் குறித்தே வைத்திருந்தார்கள்.

அந்த ஸ்தாயியை நம் சுரங்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். எட்டாவது சட்ஜம், ஒன்பதாவது சதுஸ்ருதி ரிஷபம், பத்தாவது அந்தர காந்தாரம், பன்னிரண்டாவது பஞ்சமம், பதினைந்தாவது காகலி நிஷாதம், பதினாறாவது மேல் சட்ஜம். இவையெல்லாம் சுத்தமாகச் சேரும். பதினொன்றாவது சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே போய் நிற்கும். பதின்மூன்றாவது இரண்டு தைவதங்களுக்கு நடுவே. பதினான்காவது கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். எக்காளத்திலும் இதே சுரங்கள்தான் பிசகும். இரண்டு கருவிகளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதையும், அவற்றின் குறைகளும் ஒன்றே என்பதையும் 1692-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பிரான்சிஸ் ராபர்ட்ஸ் விளக்கினார். எக்காளக் கலைஞர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஓரளவு சரிக்கட்டலாம். நரம்பில் கணு இருக்கும் இடம் யாருக்காகவும் மாறாது.

இனிக் குதிரை.

சாதாரண வயலின் குதிரைக்கு இரண்டு கால்கள், இரண்டும் மேற்பலகையில் உறுதியாக ஊன்றியிருக்கும். டிரோம்பா மரீனாவின் குதிரை கோணல் வடிவம் கொண்டது. பக்கவாட்டில் பார்த்தால் காலணியை ஒத்திருக்கும். தடித்த கால் நேரே நரம்பின் அடியில் நின்று அதன் அழுத்தம் முழுவதையும் தாங்குகிறது. மற்றொரு கால் மெலிந்து, பக்கவாட்டில் நீண்டு, பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. வில் நரம்பைப் பக்கவாட்டில் அசைக்கும்போது குதிரை ஊன்றிய காலை அச்சாகக் கொண்டு ஆடுகிறது. தளர்ந்த கால் எழும்பி எழும்பிப் பலகையைத் தட்டுகிறது. அது தட்டும் இடத்தில் தந்தம் போன்ற கடினமான பொருளின் சில்லைப் பதிப்பதும் உண்டு.

நரம்பின் ஆதார சுருதி வினாடிக்குச் சுமார் 65 அதிர்வுகள் என்றால், எட்டாவது சீரிசை வாசிக்கும்போது அந்தக் கால் வினாடிக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் பலகையை மோதுகிறது. காது இதைத் தனித்தனித் தட்டலாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு மோதலும் கணநேரக் கூர்மையான உதை. அலையின் வழவழப்பான வடிவம் முறிந்து விளிம்புகள் முளைக்கின்றன. விளிம்பு கூர்மையாக ஆக, உயர் சீரிசைகள் பெருகும். பித்தளை எக்காளத்தை உரக்க ஊதும்போதும் இதுதான் நடக்கிறது. நீண்ட குழாய்க்குள் பயணம் செய்யும் அழுத்த அலையின் முன்பக்கம் செங்குத்தாக நிமிர்ந்து, ஆற்றல் உயர் சீரிசைகளுக்குப் போய்ச் சேருகிறது. வழிகள் வேறு, விளைவு ஒன்று. அதனால்தான் காது ஏமாறுகிறது.

இந்தக் கால் சரியாக அமைவதில்தான் கருவி செய்பவரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. இடைவெளி சற்று அதிகமானால் கால் பலகையைத் தொடாது, சாதுவான மெல்லிய ஒலிதான் வரும். கால் அழுந்திவிட்டால் உறுமல் அடைபட்டுப்போகும். மயிரிழை வித்தியாசம்தான். ஈரப்பதம் மாறினால் மரத்தின் அளவும் குடல் நரம்பின் இறுக்கமும் மாறும், நேற்றுப் பொருந்திய கால் இன்று பொருந்தாது. இதற்கு ஒரு நல்ல உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். கிடோன் என்ற மெல்லிய துணை நரம்பைக் குதிரைக்குக் கீழே பிரதான நரம்பின் மீது சுற்றி, மறுமுனையை ஒரு பிரடையில் கட்டினார்கள். பிரடையைத் திருக, பிரதான நரம்பு பக்கவாட்டில் இழுபட்டு, தளர்ந்த காலின் மீதான அழுத்தம் கூடும் அல்லது குறையும்.

தம்புராவில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி நாதத்தைத் தேடுபவர்களுக்கு இந்த வேலை நன்றாகவே புரியும். அங்கே தந்தி குதிரையின் வளைந்த பரப்பை உரசுகிறது. இங்கே குதிரையே பலகையைத் தட்டுகிறது. இரண்டிலும் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஓர் இடம்தான் ஒலியைச் செழுமையாக்குகிறது. தந்தியை ஒரு புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் கணு உள்ள சீரிசைகள் எழக் கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை உரக்கவே எழுகின்றன என்றும், அதற்குக் குதிரையின் அமைப்பே காரணம் என்றும் 1921-இல் சி.வி. ராமன் எடுத்துக்காட்டினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே வில்லால் வாசிக்கும் தந்திகளின் அதிர்வுகளைப் பற்றி அவர் விரிவான ஆய்வு வெளியிட்டிருந்தார். இந்த இரண்டு ஆய்வுகளையும் கையில் வைத்துக்கொண்டு டிரோம்பா மரீனாவைப் பார்த்தால், இரண்டும் ஒரே கருவியில் சந்திப்பது தெரியும்.

இந்தக் கருவியைப் பரப்பியவர்களில் பிரான் என்ற பெயர் தனித்து நிற்கிறது. 1667 அக்டோபரில் பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் வாசிக்கக் கேட்ட ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ், அது எக்காளத்தையே விஞ்சிவிட்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். வாசிப்பை நிறுத்திய பிறகும் பல சுரங்கள் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது அவருக்கு முதலில் புதிராக இருந்தது. கருவியின் அடி திறந்திருப்பதையும் கவனித்தார். உள்ளே பார்க்க மட்டும் பிரான் விடவில்லை. அக்காலத்து டிரோம்பா மரீனாக்கள் சிலவற்றில் கூட்டுக்குள்ளே பரிவுத் தந்திகள் கட்டப்பட்டிருந்தன. யாரும் தொடாமலே, வெளியே ஒலிக்கும் சுரத்துக்கு இசைந்து அவை தாமாக அதிரும். பீப்ஸ் கேட்டது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்த தலைமுறையில் ஜான் பாப்டிஸ்ட் பிரான் இந்தக் கருவிக்காகவே வாழ்நாளைச் செலவிட்டு, 1742-இல் அதைப் பற்றி ஒரு குறிப்புரையும் எழுதி வைத்தார்.

பிரெஞ்சு அரசவை இசைக்குழுவிலும் இதற்கு இடம் இருந்தது. 1660-இல் பாரிஸில் இத்தாலிய இசையமைப்பாளர் கவல்லியின் ஓபரா அரங்கேறியபோது, லுல்லி அதற்கு இயற்றிய நடனப் பகுதியில் மாலுமிகள் இதை வாசித்தபடி வந்தார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியோ வயலின்களையே இதன் குரலில் ஒலிக்கச் செய்யும்படி எழுதினார். ஜெர்மன் பேசும் நாடுகளில் கன்னிமாடங்களில் எக்காளத்துக்குப் பதிலாகக் கன்னியாஸ்திரிகள் இதை வாசித்தார்கள். அங்கே இதற்கு 'கன்னியர் பிடில்' என்ற பெயரே நிலைத்தது.

18-ஆம் நூற்றாண்டு இசை ஒரு பாட்டுக்குள்ளேயே சுருதி மாறிச் செல்லத் தொடங்கியபோது, ஒரே ஆதார சுருதியில் கட்டுண்ட இந்தக் கருவியால் கூடவே போக முடியவில்லை. அருங்காட்சியகங்களில் எஞ்சியவற்றைத் தேடி ஆராய்ந்து சிசில் ஆட்கின்ஸும் அலிஸ் டிக்கின்சனும் 1991-இல் வெளியிட்ட நூல், இன்று இதை மீண்டும் செய்ய முனைபவர்களுக்குப் பெரிய துணை.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இன்றைய காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தத் தளர்ந்த காலை இறுக்கி அடக்கிவிட வேண்டாம். உறுமலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெலிந்த ஒரு செல்லோ. கடுமையாகத் தோன்றினால் மாற்ற வேண்டியது கேட்பவரின் இருக்கையை. இந்த ஒலி பக்கத்தில் இருந்து கேட்பதைவிடத் தொலைவிலிருந்து கேட்கவே இனியது என்று சுவிஸ் இசை அறிஞர் கிளாரியன் 1547-இலேயே எழுதியிருக்கிறார். உயர்ந்த கூரையும் கல் சுவர்களும் உள்ள தேவாலயத்தில், முன்வரிசையைச் சில மீட்டர்கள் பின்னுக்குத் தள்ளிப் போட்டால், குதிரையின் தட்டல் எதிரொலியோடு கலந்து எக்காளமாகவே வந்து சேரும்.